ஐயருக்கு முன்னே வந்த சபை: பிரிக்பீல்ட்ஸ் தமிழ் லுத்தரன்களின் பின்னணி

கோலாலம்பூரில் தமிழ்க் கிறிஸ்தவர் என்றால் கத்தோலிக்கர் என்றுதான் பெரும்பாலானோர் எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் மெதடிஸ்ட்டையும் ஆங்கிலிக்கனையும் சேர்த்துச் சொல்வார்கள். லுத்தரன் என்று சொன்னால், "அது ஜெர்மன்காரர்கள் சபை இல்லையா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பிரிக்பீல்ட்ஸில் சீயோன் லுத்தரன் ஆலயம் 1924-இல் எழும்பியது. நூறு வருடம் தாண்டிவிட்டது. அந்த வட்டாரத்திலேயே வளர்ந்து, கந்தசாமி கோவிலுக்கும் மகா விகாரைக்கும் வழி சொல்லத் தெரிந்தவர்கள்கூட இந்த ஆலயத்தைப் பற்றி யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். கோவில், விகாரை, விவேகானந்தா ஆசிரமம், மாதா கோவில் என்று எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் ஒரு சிறிய சபை கண்ணில் படாமல் போவது பெரிய அதிசயமும் இல்லை.

ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவுக்கு, தமிழர்களோடு சேர்ந்து, ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் பெயர் எப்படி வந்தது என்பது நியாயமான கேள்வி. "மிஷனரிகள் கொண்டுவந்தார்கள்" என்பது எல்லாரும் சொல்லும் பதில். இந்தச் சபையைப் பொறுத்தவரை அது சரியில்லை. இங்கே ஜனங்கள் முதலில் வந்தார்கள். அவர்கள் கேட்டுக்கொண்ட பிறகுதான் ஐயர் வந்தார். (தென்னிந்திய லுத்தரன்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள், சாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) இந்த ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டால் பிற்பாடு நடந்த பல விஷயங்கள் விளங்கும்: கட்டடம் ஏன் ரயில்வேக்காரர்கள் நடுவில் எழுந்தது, போதகர் பற்றாக்குறை ஏன் தீராத கவலையாக இருந்தது, உபதேசியார்களும் (குருப்பட்டம் பெறாத போதனை ஊழியர்கள்) கிராணிமார்களும் (தோட்டத்து எழுத்தர்கள்) ஏன் அத்தனை முக்கியமாக இருந்தார்கள் என்பதெல்லாம்.

எந்தப் பழைய தமிழ்ச் சபைக்குப் போனாலும் ஒரு பலகை இருக்கும். "இச்சபையில் ஊழியம் செய்த போதகர்கள்" என்று மேலே எழுதி, கீழே வரிசையாகப் பெயரும் ஆண்டும். சபை சரித்திரம் கேட்டால் அந்தப் பலகையைத்தான் கைகாட்டுவார்கள். முதல் பெயருக்கு முன்னால் என்ன நடந்தது என்று அது சொல்லாது. ஒரு ஐயர் போய் அடுத்தவர் வருவதற்குள் யார் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார், யார் சவ அடக்கம் நடத்தினார் என்பதும் அதில் இராது. மலாயாவில் அந்த இடைவெளிகள்தான் சபை சரித்திரத்தில் பாதி.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம். 1706 ஜூலை 9-ஆம் தேதி பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளூட்சௌவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர்கள், அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர்கள் தஞ்சாவூர் மன்னரிடம் பெற்ற ஒரு சிறு கடற்கரை ஊர். வந்த இருவரும் தமிழ் கற்றார்கள். சீகன்பால்கு கற்ற வேகம் இன்றும் பேசப்படுவது. 1707 மே மாதம் முதல் ஞானஸ்நானம். அதே வருடம் ஆகஸ்டில் ஒரு சிறிய ஆலயம். 1708-ஆம் ஆண்டு இறுதியில் கோட்டைத் தளபதியோடு தகராறு முற்றி, சீகன்பால்கு நாலு மாதம் சிறையில் இருந்தார். பிறகு அச்சுக்கூடம் வந்தது, தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது, 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை ஆனது. மறு வருடம் பிப்ரவரியில், நாற்பது வயதைக்கூடத் தொடாமல், சீகன்பால்கு காலமானார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம். இதெல்லாம் அடிக்கடி சொல்லப்படும் கதைதான். மலேசியத் தமிழ் லுத்தரன்களைப் புரிந்துகொள்ள இதற்கு அடுத்து வந்த தலைமுறையைப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய மிஷனரிகள் டேனிஷ் எல்லைக்குள் தாராளமாக நடமாடலாம். அதைத் தாண்டித் தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் போவது எளிதாக இல்லை. ஆனால் சபை எல்லையில் நிற்கவில்லை. உறவு, கல்யாணம், வேலை என்று உள்கிராமங்களுக்குப் பரவிவிட்டது. அங்கே போகக்கூடியவர்கள் தமிழர்களான உபதேசியார்கள் மட்டும்தான். அவர்கள் போதிக்கலாம், ஜெபம் நடத்தலாம். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தைக் கொடுக்க முடியாது. அதற்கு அபிஷேகம் பெற்ற குரு வேண்டும். இந்த நெருக்கடியில்தான் 1733 டிசம்பர் 28-ஆம் தேதி ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். கடலூர்க்காரர், வேளாளர். இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் தமிழ்ப் போதகர் அவர்தான். 1745 வரை கிராமம் கிராமமாக அலைந்து ஊழியம் செய்தார். 1741-இல் தியோகு என்பவர் இரண்டாவது ஆளாகச் சேர்ந்தார்.

இதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஒரு உபதேசியார் இருந்தார். தஞ்சை மன்னர் படையில் இருந்தவர். பறையர் குலத்தில் பிறந்தவர். வேதத்தைத் தானே படித்து இந்தச் சபைக்கு வந்தவர். ஏராளமானோரைச் சபையில் சேர்த்தார், அடி உதையும் பட்டார். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது சாதி குறுக்கே நின்றது. உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகளே பின்வாங்கினார்கள். கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். முன்னூறு வருடக் கொண்டாட்டங்களில் ஆரோன் பெயர் வருகிற அளவுக்கு ராஜநாயக்கன் பெயர் வருவதில்லை. எனக்கு அது குறையாகத்தான் படுகிறது. சபையைத் தாங்கிய வேலையில் பெரும்பங்கு அவரைப் போன்றவர்களுடையது.

பதினெட்டாம் நூற்றாண்டின் மிச்சத்தை வேகமாகக் கடந்துவிடலாம். மிஷனரி சுவார்ட்ஸ் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் போய்ப் பெயரெடுத்தார். சென்னையில் இருந்த இன்னொரு மிஷனரி பப்ரிசியுஸ் வேதாகமத்தை மறுபடி மொழிபெயர்த்தார், அகராதி போட்டார், ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கினார். பிறருடைய கடன் விவகாரத்தில் மாட்டி முதுமையில் சிறைக்கும் போனார். அவருடைய மொழிபெயர்ப்பை லுத்தரன்கள் விடாமல் வைத்திருந்தார்கள். மற்ற சபைகள் வேறு பெயர்ப்புக்கு மாறிய பிறகும் இவர்கள் வெகுகாலம் மாறவில்லை. சுவார்ட்ஸிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் தஞ்சாவூரில் கர்நாடக இசையில் கீர்த்தனைகள் பாடினார். இன்றைக்கும் ஒரு தமிழ் லுத்தரன் ஆராதனையில் ஜெர்மன் ராகத்தில் ஒரு ஞானப்பாட்டும் அடுத்தாற்போல் ஆதி தாளத்தில் ஒரு கீர்த்தனையும் வந்தால் யாரும் விநோதமாக நினைப்பதில்லை. இரண்டும் ஒரே ஊர்ப்பக்கச் சரக்கு.

டேனிஷ் ஆதரவு தேய்ந்தபோது ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் பொறுப்பேற்றது. 1845-இல் தரங்கம்பாடியே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர். தமிழ்மேல் மெய்யான பற்று. சாதி விஷயத்தில் அவருடைய நிலைப்பாடு சர்ச்சைக்குரியது. சாதி ஒரு சமூக ஏற்பாடு, அதை ஒரே வெட்டாக வெட்ட வேண்டாம் என்றார். அதற்குள் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி வேறுபாடே கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருந்தார். அதனால் கோபித்துக்கொண்ட தஞ்சாவூர்ப் பக்கத்து வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் லைப்சிக் பக்கம் வந்தார்கள். சபை வளர்ந்தது, எந்த விலைக்கு வளர்ந்தது என்று கேட்கத்தான் செய்ய வேண்டும்.

இப்போது கப்பல். மலாயாவுக்குத் தமிழ்த் தொழிலாளர்களை ஏற்றிய முக்கியத் துறைமுகம் நாகப்பட்டினம். தரங்கம்பாடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் முப்பது கிலோமீட்டர்தான். லுத்தரன் சபைகள் அடர்த்தியாக இருந்த தரங்கம்பாடி, பொறையார், மாயவரம், சீர்காழி வட்டாரமும் கங்காணிகள் ஆள் திரட்டிய தஞ்சாவூர் ஜில்லாவும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன. வேறு விளக்கமே தேவையில்லை. பஞ்சம், கடன், நிலமின்மை ஆகியவை இந்துவையும் கிறிஸ்தவனையும் பிரித்துப் பார்க்கவில்லை. கப்பலில் ஏறியவர்களில் ஒரு பங்கு லுத்தரன்களாக இருந்தார்கள். பினாங்கில் இறங்கி, ஜெரெஜாக் தீவின் நோய்த் தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்து, தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள்.

தோட்டத்துக்குப் போனவர்கள் ஒரு வகை. மிஷன் பள்ளியில் படித்துக் கொஞ்சம் எழுத்தும் கணக்கும் கற்றவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு ரயில்வே இருந்தது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் முதல் பாதை. மறு வருடம் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே. 1901-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் ரயில்வே ஒரே நிர்வாகமானது. சிக்னல், பணிமனை, சரக்குக் கொட்டகை, டிக்கெட் கவுண்டர் என எங்கும் தமிழர்கள். செந்தூலில் பணிமனை, பிரிக்பீல்ட்ஸில் யார்டும் ஊழியர் குடியிருப்பும். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் இப்படித்தான் ரயில்வேத் தமிழர் ஊராக மாறியது. 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்று எல்லாரும் சொன்ன அந்த வரிசை வீடுகள் எழுந்ததும் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில்தான். அவை இப்போது இல்லை.

ரயில்வேக்காரன் ஓரிடத்தில் நிலைக்க மாட்டான். இன்று கோலாலம்பூர், நாளை ஈப்போ, மறுநாள் சிரம்பான். மாற்றலோடு சபையும் பாதை ஓரமாகப் பரவியது. ஆலயம் கிடையாது, ஐயர் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டு முன்கட்டில் ஞாயிறு காலையில் கூடுவது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஞானப்பாட்டுப் புத்தகம், ஜெபப் புத்தகம், லுத்தரின் சிறிய ஞானோபதேசம். மூத்தவர் ஒருவர் வாசிப்பார், அச்சிட்ட பிரசங்கம் கையில் இருந்தால் அதையும் படிப்பார். நீண்ட காலம் இப்படித்தான் ஓடியது.

பக்கத்து மெதடிஸ்ட் ஆலயத்துக்கோ ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கோ போயிருக்கலாமே என்று தோன்றும். பலர் போகவும் செய்தார்கள். போனவர்கள் பிள்ளைகள் திரும்பவில்லை. போகாதவர்கள் ஏன் போகவில்லை என்பதற்குப் பதில் லுத்தரன் உபதேசத்தில் இருக்கிறது. 1530-இல் எழுதப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை சபை என்றால் என்ன என்பதை ஏழாம் பிரிவில் சொல்கிறது: சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்பட்டு, சாக்கிரமெந்துகள் (ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற திருச்சடங்குகள்) ஒழுங்காக நடக்கும் இடத்தில் கூடும் விசுவாசிகளே சபை. அந்தக் கணக்கில் ஒரு குவார்ட்டர்ஸ் முன்கட்டும் சபைதான். பதினாலாம் பிரிவு இன்னொன்று சொல்கிறது: முறைப்படி அழைக்கப்படாத எவரும் சபையில் பகிரங்கமாகப் போதிக்கவோ சாக்கிரமெந்து நடத்தவோ கூடாது. அவசரமானால் ஞானஸ்நானம் யாரும் கொடுக்கலாம், சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஒரு பாட்டி கொடுத்தாலும் செல்லும். திருவிருந்து அப்படியில்லை, காத்திருக்க வேண்டும். ஏழாம் பிரிவின்படி இவர்கள் சபையாக இருந்தார்கள். பதினாலாம் பிரிவின்படி பாதிச் சபையாக இருந்தார்கள். திருவிருந்தை லுத்தரன்கள் எவ்வளவு பெரிதாக எண்ணுவார்கள் என்பது தெரிந்தால், ஐயர் வேண்டும் என்று தரங்கம்பாடிப் பக்கம் ஏன் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதும் தெரியும். நூற்றெழுபது வருடம் முன்பு ஆரோன் காலத்தில் தஞ்சாவூர்க் கிராமங்களில் இருந்த அதே நிலைமை, கடல் தாண்டி மறுபடி வந்து நின்றது.

1907-இல் லைப்சிக் மிஷன் அந்த வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தது. மலாயாத் தமிழ் லுத்தரன்களைக் கவனிக்க இந்தியாவிலிருந்து போதக ஊழியம் ஏற்பாடாயிற்று. இன்றைய மலேசிய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது. தமிழ்த் தொழிலாளர் குடியேற்ற நிதி உருவான ஆண்டும் அதுவே. ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்தது, ஆட்கள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே வருடத்தில் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். இரண்டுக்கும் பின்னால் இருந்த ஜனவெள்ளம் ஒன்றுதான்.

வந்த ஐயரின் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒரு ஐயருக்கு நடந்து போகும் தூரத்தில் சில கிராமங்கள். இங்கே சேகரம் என்றால் கிட்டத்தட்டத் தீபகற்பம் முழுவதும். ஒரு தோட்டத்தில் நாலு குடும்பம், அடுத்த ஸ்டேஷனில் ரெண்டு குடும்பம். ரயிலில் போய், அங்கிருந்து மாட்டு வண்டியிலோ நடந்தோ தோட்டத்துக்குள் போக வேண்டும். தோட்டத்துக்குள் நுழைய மானேஜர் அனுமதி வேண்டும். ஜனங்கள் ஓய்வாக இருப்பது பால்வெட்டு முடிந்த பிறகுதான். ஒரே வருகையில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம், கல்யாணம், திருவிருந்து எல்லாம் முடித்துவிட்டு அடுத்த இடம் போவார். மீதி நாட்களில் அந்த இடத்துக் கிராணியோ வாத்தியாரோதான் சபை. பலகையில் ஏறாத அந்தப் பெயர்கள் இல்லாமல் 1924-இல் எந்த ஆலயமும் எழும்பியிருக்காது.

அந்த ஆலயம் பிரிக்பீல்ட்ஸில் எழுந்ததற்குக் காரணம் இப்போது புரியும். தோட்டத்தில் இருந்தவனுக்கு நிலம் கம்பெனியுடையது, குடியிருந்த வரிசை வீடான லயம் கம்பெனியுடையது, தொழுகிற இடமும் கம்பெனி தயவு. ரயில்வேக்காரனுக்கு மாதச் சம்பளம் இருந்தது, சந்தா கட்ட முடிந்தது, கமிட்டி போட்டுக் கணக்கு எழுதத் தெரிந்தது. நிலையம் பக்கத்தில், எந்த ஊரிலிருந்து ரயிலில் வந்தாலும் இறங்கி நடந்து போகிற தூரத்தில், சபைக்கு ஒரு நிரந்தர இடம் அமைந்தது. திருச்சபையின் தலைமையகமும் பிற்பாடு பிரிக்பீல்ட்ஸிலேயே நிலைத்துவிட்டது.

அதே கோலாலம்பூர்ப் பள்ளத்தாக்கில் இன்னொரு லுத்தரன் சபையும் உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் வைத்திருக்கும் மலேசிய லுத்தரன் சபை, பெரும்பாலும் சீனர்கள். ஒரே ஊரில் ஒரே உபதேசம் வைத்துக்கொண்டு இரண்டு திருச்சபைகள் ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில், அவை பிறந்த வரிசை நேர்மாறானது. 1949-க்குப் பிறகு சீனாவை விட்டு வெளியேற நேர்ந்த லுத்தரன் மிஷனரிகளில் சிலர் 1950-களின் தொடக்கத்தில் மலாயாவுக்கு வந்தார்கள். அவசரகாலச் சட்டம் அமலில் இருந்த நேரம். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உதவி போய்விடக்கூடாது என்று லட்சக்கணக்கான சீனர்களைப் புதுக் கிராமங்களில் கொண்டுபோய் அடைத்திருந்தார்கள். அந்தக் கிராமங்களில் மருத்துவம், பள்ளி, பிரசங்கம் என்று மிஷனரிகள் வேலை தொடங்க, சபைகள் பிறந்தன. அங்கே ஐயர் முதலில், ஜனம் பிறகு.

சபாவுக்குப் போனால் மூன்றாவது வகை. வடபோர்னியோ கம்பெனிக்கு ஆட்கள் வேண்டும். பாசல் மிஷனைச் சேர்ந்த ருடோல்ப் லெக்லர் நடுவில் நின்று பேச, 1882 முதல் ஹக்கா கிறிஸ்தவக் குடும்பங்கள் குடியேறின. அவர்களும் மிஷனரிக்கு முன்னே வந்த ஜனங்கள்தான், தமிழர்களைப் போலவே. ஆனால் அவர்களுக்கு நிலம் தருவதாகப் பேச்சு இருந்தது. குடும்பமாக வந்து சொந்தக் காணியில் உட்கார்ந்தார்கள். நம்மவர்கள் கூலிக்கு வந்து அடுத்தவர் நிலத்தில் உட்கார்ந்தார்கள். இன்றைய பாசல் கிறிஸ்தவ சபையின் பருமனையும் தமிழ் லுத்தரன்களின் சிறுமையையும் ஒப்பிடும்போது, விசுவாசத்தில் யார் உறுதி என்று அளக்கப் போகாமல் இந்த நில விஷயத்தை முதலில் பார்ப்பது நல்லது. ருங்குஸ் மக்களிடையே வளர்ந்த சபா புராட்டஸ்டண்ட் சபையையும் சேர்த்தால் மலேசியாவில் மொத்தம் நாலு லுத்தரன் திருச்சபைகள். தமிழர்களுடையது சில ஆயிரம் பேர் கொண்டது.

ஐயர் கடல் கடந்து வரவேண்டும் என்ற ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருந்தது. கடலில் எது நடந்தாலும் சபை ஆடும். முதல் உலகப் போர் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் ஜெர்மன் மிஷனரிகள் எதிரிநாட்டுக்காரர் ஆனார்கள். அடைத்து வைக்கப்பட்டு, பிறகு நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். கூட இருந்த சுவீடன் மிஷனரிகள் பொறுப்பேற்றார்கள். 1919 ஜனவரி 14-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாயிற்று. 1921-இல் சுவீடனைச் சேர்ந்த எர்னஸ்ட் ஹியூமன் அதன் முதல் பேராயர். மலாயாத் தமிழர்கள் அதன் கடல்கடந்த பிள்ளைகளாக இருந்தார்கள். ஜெர்மன் மிஷனில் பேராயர் என்று ஒரு பதவி கிடையாது. அது சுவீடன் வழியாக வந்த பழக்கம். இன்று கோலாலம்பூரிலும் லுத்தரன்களுக்குப் பேராயர் இருப்பது அந்த வழியில்தான்.

1938-இல் கூலித் தொழிலாளர்களுக்கு உதவி கொடுத்து அனுப்பும் முறையை இந்திய அரசு நிறுத்தியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினார்கள். இந்தியாவோடு போக்குவரத்து அடியோடு நின்றது. மூன்றரை வருடம் கடிதமில்லை, பணமில்லை, புது ஐயர் வர வழியில்லை. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துப் போனார்கள். திரும்பாத குடும்பங்கள் எத்தனை. ஞாயிறுதோறும் யார் வாசிப்பது என்ற பழைய கேள்விக்குப் பழைய பதில்தான்: இருக்கிறவர்களில் மூத்தவர்.

போருக்குப் பிறகு இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் இடையே ரஜூலா கப்பல் மறுபடி ஓடியது. ஐயர்மாரும் வந்தார்கள். ஆனால் காலம் மாறிவிட்டது. 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் இந்தியாவிலிருந்து வருவதை இறுக்கியது. 1957-இல் மலாயா சுதந்திரம் பெற்றது. இங்கே இருப்பவர்களுக்குக் குடியுரிமை வந்தது, அல்லது வராமல் போனது. திருச்சிராப்பள்ளியில் இருந்த ஒரு தலைமையகம் வேறொரு நாட்டின் சபைக்கு ஆள் நியமிப்பது பொருத்தமில்லாமல் ஆயிற்று. 1960-களின் தொடக்கத்தில் இங்குள்ள சபை சொந்தக்காலில் நிற்கும் திருச்சபையானது. சுவீடன் திருச்சபையின் துணை அதற்குப் பிறகும் இருந்தது. அதே பத்தாண்டில் வெளிநாட்டு மிஷனரிகள் மொத்தம் பத்து வருடத்துக்கு மேல் தங்கக்கூடாது என்ற விதியை அரசு கொண்டுவந்தது. 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாத இந்தியர்கள் பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். சபைகளில் இருந்தும் குடும்பங்கள் போயின.

பத்து வருட விதியை அப்போது பலர் சபைகளுக்கு வந்த ஆபத்தாகப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தால், அறுபது வருடமாகத் தள்ளிப்போட்டு வந்த வேலையைச் செய்ய வைத்ததே அதுதான் என்று தோன்றுகிறது. இந்தியாவிலிருந்து ஐயர் வருவார் என்று இருந்தவரை இங்கே பிறந்த பிள்ளையைப் போதகராக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. கதவு மூடியதும் அவசரம் வந்தது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுல், சிங்கப்பூரில் டிரினிட்டி என்று வெளியே உள்ள இறையியல் கல்லூரிகளுக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாம். செலவும் உண்டு, போனவர் திரும்புவாரா என்ற பயமும் உண்டு. 1979-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், சுவிசேஷ லுத்தரன் ஆகிய மூன்று திருச்சபைகளும் சேர்ந்து மலேசிய இறையியல் கல்லூரியைத் தொடங்கின. இன்று அது சிரம்பானில் இருக்கிறது. மூன்றில் மிகச் சிறியது லுத்தரன்தான். தனியாக ஒரு கல்லூரி நடத்தும் சக்தி அதற்குக் கிடையாது. பங்காளியாக உட்கார்ந்ததால் பயன் அதிகம் அடைந்ததும் அதுதான் என்பது என் கணிப்பு.

உள்ளூர்ப் போதகர் வந்ததும் புதுப் பிரச்சினைகள் வந்தன. ஊரிலிருந்து வந்த ஐயர் தமிழில் மட்டும் பிரசங்கித்தால் போதும். கேட்டவர்கள் தமிழில் வளர்ந்தவர்கள். இப்போது சபையில் பாதிப்பேர் தேசியப் பள்ளியில் படித்தவர்கள். தமிழில் பேசுவார்கள், வாசிக்கத் தடுமாறுவார்கள். ஞானப்பாட்டைத் திரையில் ரோமன் எழுத்தில் போட வேண்டியிருக்கிறது. காலை ஆராதனை தமிழில் நடந்தால் இன்னொன்று ஆங்கிலத்தில். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்பாகியும் போனதில், தோட்டத்துச் சபைகள் கலைந்து பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. ஒரு போதகருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சபை என்பது சாதாரணம். அவர் இல்லாத ஞாயிறு ஆராதனையைச் சபையார் ஒருவர் நடத்துகிறார்.

சாதி கப்பலேறி வந்ததா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வராமல் எங்கே போகும்? தோட்டத்து லயத்தில் கூட்டமும் கலப்பும் அதை ஓரளவு கரைத்தன. கல்யாணப் பேச்சில் அது கரையாமல் நின்றது. இது லுத்தரன்களுக்கு மட்டும் உரிய விஷயமில்லை. ஆனால் சாதிக்கு வெளிப்படையாக இடம் கொடுத்த ஒரு மிஷனின் வாரிசுகள் என்ற முறையில், ராஜநாயக்கனை யார் தடுத்தது என்பதை இந்தச் சபையார் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தங்கள் குடும்பம் எந்தச் சபையிலிருந்து வந்தது என்று தேட நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பலகையில் தேடிப் பயனில்லை, பதிவேட்டில் தேடுங்கள். லுத்தரன்கள் எழுதி வைப்பதில் கெட்டிக்காரர்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், அடக்கம் ஒவ்வொன்றுக்கும் தனி ஏடு போடும் பழக்கம் தரங்கம்பாடிக் காலத்திலேயே வந்துவிட்டது. ஞானஸ்நான ஏட்டில் பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், வசிக்கும் இடம், கொடுத்தவர் பெயர் என்று கட்டங்கள் இருக்கும். கொடுத்தவர் ஐயரா, அவசரத்துக்குக் கொடுத்த சபையாரா என்று பார்த்தால் அந்த வருடம் அங்கே போதகர் இருந்தாரா இல்லையா என்பதே தெரிந்துவிடும். இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயரோ ரயில்வே குவார்ட்டர்ஸோ இருக்கும். அதை வைத்துத் தேடலைத் தொடரலாம். இந்தியப் பக்கத்துக்கு மிஷன் ஆவணங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே அறக்கட்டளைக் காப்பகத்தில் இருக்கின்றன. லைப்சிக் மிஷனின் ஆவணங்களும் இப்போது அங்கேதான். பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில், பழைய கையெழுத்தில். உதவி இல்லாமல் வாசிப்பது கஷ்டம். மலேசியப் பக்கத்து ஏடுகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டவை. கறையான் முந்திக்கொள்வதற்குள் சபைக் கமிட்டியிடம் முறையாகக் கேட்டுப் படமெடுத்து வைப்பது நல்லது.